மக்கள் மனத்தை உழுதவர்: எட்வர்ட் பெர்னேஸ்

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் மாணவி, தாவரவியல் துறை

கொடை நடக்காத ஊர் எங்கள் பக்கத்தில் இல்லை. வரி பிரிப்பது, பந்தல் போடுவது, வில்லுப்பாட்டுக்காரருக்கு முன்பணம் கொடுப்பது, மைக் செட் கட்டுவது, நோட்டீஸ் ஒட்டுவது என்று அத்தனையையும் ஊரில் நாலு பேர் தலையில் போட்டுக்கொண்டு செய்து முடிப்பார்கள். விழா முடிந்ததும் அவர்களும் மறுநாள் வயலுக்கோ கடைக்கோ போய்விடுவார்கள். அதைப் படித்துச் செய்யும் ஒரு தொழில் என்று எவரும் எனக்குச் சொன்னதில்லை.

சென்ற ஆண்டு எங்கள் துறையின் மன்ற விழாவை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. அழைப்பிதழ் அச்சானது, சிறப்பு விருந்தினர் வந்தார், அரங்கும் நிறைந்தது. குத்துவிளக்கேற்ற விருந்தினர் எழுந்த பிறகுதான் எண்ணெய் வாங்க மறந்தது என் நினைவுக்கு வந்தது. விடுதிச் சமையற்கட்டிலிருந்து கடலெண்ணெய் வாங்கி, மேடையின் பின்வழியாக ஓடி வந்து ஊற்றினேன். அன்று மாலை பேராசிரியர் ஒருவர் என்னை அழைத்து, எண்ணெயை மறந்ததைக் கண்டித்துவிட்டு, மற்றவை எல்லாம் ஒழுங்காக நடந்தன என்றும், இதற்கென்றே நிகழ்ச்சி மேலாண்மை, மக்கள் தொடர்பு என்று படிப்புகளும் வேலைகளும் இருக்கின்றன என்றும் சொன்னார்.

அந்தச் சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. வீட்டில் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்தால் ஆசிரியை ஆகலாம், இல்லையென்றால் அரசுத் தேர்வு எழுதலாம், மூன்றாவதாக ஒன்று எங்கள் தெருவில் எவருக்கும் தெரியாது. பி.எஸ்ஸி. படித்துவிட்டுக் கல்யாண மண்டபத்தில் நாற்காலி எண்ணப் போகிறாயா என்று மாமா கேட்டார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றியபடியே இருந்தாள்.

மக்கள் தொடர்பு அலுவலர் என்ற பெயரை நம்மில் பலரும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தோடு சேர்த்தே அறிவோம். திரைப்படம் பார்ப்போர் பெயர்ப்பட்டியலில் பி.ஆர்.ஓ. என்று ஒரு வரியைக் கண்டிருப்பார்கள். 1958இல் வெளிவந்த நாடோடி மன்னன் படத்திற்கு அந்தப் பணியைச் செய்த பிலிம் நியூஸ் ஆனந்தன்தான் தமிழ்த் திரையுலகின் முதல் மக்கள் தொடர்பாளர் என்பார்கள். சரி, உலகில் இந்தத் தொழிலைத் தொடங்கி வைத்தவர் யார்? இந்தக் கேள்வியோடு நூலகத்திற்குப் போனபோது எனக்கு அறிமுகமானவர்தான் எட்வர்ட் பெர்னேஸ். இவருக்கு முன்பே ஐவி லீ என்பவர் அமெரிக்காவில் இரயில் கம்பெனிகளுக்கும் ராக்பெல்லர் குடும்பத்திற்கும் இந்த வேலையைச் செய்திருக்கிறார். ஆயினும் தொழிலுக்கு மக்கள் தொடர்பு ஆலோசகர் என்று பெயர் சூட்டி, அதற்குப் புத்தகம் எழுதி, கல்லூரியில் பாடமாகவும் வைத்தவர் பெர்னேஸ். இவரைப் பற்றி எழுத இன்னொரு காரணமும் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பெர்னேஸ் 1891ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள் ஆஸ்திரிய நாட்டின் வியன்னா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். மனத்தின் ஆழத்தை ஆராய்ந்த சிக்மண்ட் பிராய்டு இவருக்கு இரட்டை உறவு. பிராய்டின் தங்கை அன்னா இவருடைய தாய். இவருடைய தந்தை ஈலை பெர்னேஸின் தங்கை மார்த்தாவைத்தான் பிராய்டு மணந்திருந்தார். நம் ஊர் வழக்கில் சொன்னால் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பம். பிராய்டு இவருக்குத் தாய்மாமனும் ஆவார், அத்தை கணவரும் ஆவார்! இந்த உறவை வாழ்நாள் முழுதும் எவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் அவர் விட்டதில்லை.

பெர்னேஸ் கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் நியூயார்க் நகருக்குக் குடியேறியது. தந்தை தானிய வணிகத்தில் பொருள் ஈட்டினார். மகனும் நிலத்தையும் தானியத்தையும் அறிந்தவனாக வேண்டும் என்று கார்னெல் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படிக்க அனுப்பினார். 1912இல் பெர்னேஸ் வேளாண்மையில் பட்டம் பெற்றார். ஆம், நண்பர்களே, மக்கள் தொடர்பின் தந்தை எனப்படுபவர் அறிவியல் பட்டதாரி! செடி கொடிகளைப் படித்துவிட்டு வேறு தொழிலுக்குப் போவது குற்றம் என்று எண்ணிக் குன்றியிருந்த எனக்கு இந்த ஒரு செய்தி தந்த தெம்பைச் சொல்லி முடியாது. அவருக்கு அந்தப் படிப்பில் சிறிதும் மனம் ஒட்டவில்லை என்பது வேறு செய்தி. எனக்குத் தாவரவியல் பிடிக்கும்.

பட்டம் பெற்ற சில மாதங்களில் நண்பர் ஒருவரோடு சேர்ந்து ஒரு மருத்துவ இதழை நடத்தலானார். அங்கேதான் திருப்பம். பிரெஞ்சு நாடகாசிரியர் பிரியூ எழுதிய ஒரு நாடகம் மேகநோயைப் பற்றிப் பேசியது. அந்நாளில் அந்த நோயின் பெயரை நாலு பேர் நடுவே சொல்வதே அநாகரிகம். மேடையேற்றினால் காவல்துறை தடுக்கும் என்ற அச்சம் இருந்தது. 21 வயது பெர்னேஸ் என்ன செய்தார்? நாடகத்தை நாடகமாக விற்கவில்லை. இதழின் பெயரால் ஒரு சமூக நல நிதிக்குழுவை அமைத்து, நகரத்தின் பெரிய மனிதர்களை அதில் உறுப்பினராக்கினார். அவர்களுள் இளைய ராக்பெல்லரும் ஒருவர். இத்தனை மதிப்புக்குரியவர்கள் ஆதரிக்கும் ஒன்றை அசிங்கம் என்று எவர் சொல்வார்? 1913இல் நாடகம் அரங்கேறியது, வெற்றியும் பெற்றது. தாம் ஒரு சொல்லும் சொல்லாமல், மக்கள் மதிக்கும் மூன்றாம் மனிதரைச் சொல்ல வைப்பது என்ற வித்தையை அன்றே கண்டுகொண்டார். பின்னர் அவர் செய்தவை அனைத்தும் இந்த ஒரு வித்தையின் கிளைகளே என்று எனக்குத் தோன்றுகிறது.

அதன்பின் சில ஆண்டுகள் கலைஞர்களுக்கு விளம்பரம் செய்தார். தியாகிலெவின் ருஷ்யப் பாலே குழு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தபோது, அந்தக் கலையைக் கண்டிராத மக்களிடம் அதைக் கொண்டு சேர்த்தவர் இவரே. இத்தாலியப் பாடகர் கரூசோவுக்கும் வேலை பார்த்தார். முதல் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியதும் அரசின் செய்திக் குழுவில் சேர்ந்தார். போர் முடிந்து 1919இல் பாரிஸ் சமாதான மாநாட்டுக்குச் சென்று வந்தபோது அவர் மனத்தில் ஓர் எண்ணம் உறுதிப்பட்டிருந்தது. போருக்காக ஒரு நாட்டின் மனத்தைத் திருப்ப முடியுமானால், அமைதிக் காலத்தில் ஏன் முடியாது?

1919இல் நியூயார்க்கில் சொந்த அலுவலகம் திறந்தார். அதில் அவர் முதலில் வேலைக்கு அமர்த்தியவர்களுள் டோரிஸ் பிளைஷ்மன் என்ற பெண்மணி இருந்தார். நியூயார்க் டிரிபியூன் நாளிதழில் எழுதி வந்தவர் அவர். இந்த அம்மையாரைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். பெர்னேஸைப் பற்றிய கட்டுரைகள் பலவும் இவரை ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன.

1920இல் கறுப்பின மக்களின் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கம் தன் ஆண்டு மாநாட்டை ஜார்ஜியா மாநிலத்தின் அட்லாண்டா நகரில் நடத்தியது. நிறவெறி தலைவிரித்தாடிய தென்மாநிலங்களில் அந்தச் சங்கம் கூட்டிய முதல் மாநாடு அது. கறுப்பினத்தவரை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கொல்லும் கொடுமை அங்கே நடந்துகொண்டிருந்த காலம். அம்மாநாட்டின் செய்தி வேலை பெர்னேஸ் அலுவலகத்துக்கு வந்தது. முன்கூட்டியே அட்லாண்டாவுக்குத் தனியாகப் போய், அதிகாரிகளையும் பத்திரிகையாளர்களையும் பார்த்து ஏற்பாடுகளைக் கவனித்தவர் டோரிஸ். மாநாடு கலவரமின்றி நடந்தேறியது. அதன் செய்திகள் நாளிதழ்களில் வந்தன. ஒரு நிகழ்ச்சியை ஏற்பாடு செய்வது நாற்காலி எண்ணும் வேலை என்ற மாமாவுக்கு இந்த ஒரு கதையைச் சொன்னேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டார்.

1922இல் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். டோரிஸ் தம் பிறந்த வீட்டுப் பெயரை விடவில்லை. மணமான அமெரிக்கப் பெண் ஒருவர் தம் சொந்தப் பெயரிலேயே கடவுச்சீட்டு பெற்றது 1925இல் முதன்முதலாக அவருக்குத்தான் நடந்தது. பெண்கள் செய்யக்கூடிய தொழில்களைப் பற்றி ஒரு வழிகாட்டி நூலையும் 1928இல் தொகுத்து வெளியிட்டார். நம் கல்லூரியில் வேலைவாய்ப்பு வழிகாட்டிக் கூட்டங்கள் நடக்கின்றன அல்லவா? அந்த வேலையை ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் புத்தகமாகச் செய்திருக்கிறார். இத்தனை இருந்தும், வாடிக்கையாளர்களான முதலாளிகளை நேரில் சந்தித்துப் பேசியது பெர்னேஸ்தான். அம்மையார் அறிக்கைகளை எழுதினார், திட்டம் தீட்டினார், பங்குதாரராகவும் இருந்தார். ஆனால் பெண் சொன்ன யோசனை என்று தெரிந்தால் முதலாளிகள் அதை மதிக்கமாட்டார்கள் என்று அந்த வீட்டிலேயே கருதப்பட்டது. பெயர் காத்த பெண்ணுக்குப் புகழ் காக்க முடியவில்லை.

1923இல் பெர்னேஸ் தம் முதல் நூலை எழுதினார். பொதுமக்களின் கருத்து எப்படி உருவாகிறது, அதை எப்படி உருவாக்குவது என்பதே பொருள். அதே ஆண்டு நியூயார்க் பல்கலைக்கழகத்தில் மக்கள் தொடர்புப் பாடத்தை நடத்தினார். 1928இல் பிரசாரம் என்ற பொருள்படும் பெயரில் இன்னொரு நூல் வந்தது. மக்கள் திரளின் எண்ணங்களைக் கண்ணுக்குத் தெரியாத சிலர் வழிநடத்துவது ஜனநாயகத்திற்குத் தேவையான ஒன்றே என்று அதில் வாதிட்டார். படித்தபோது எனக்கு முதுகுத்தண்டு சில்லிட்டது. ஓட்டுப் போடும் வயது வந்து இரண்டே ஆண்டுகள் ஆகின்றன எனக்கு!

அவர் கைவேலைகள் சிலவற்றைப் பாருங்கள். பெண்கள் கூந்தலைக் குட்டையாக வெட்டிக்கொள்ளும் பழக்கம் பரவியதால் கூந்தல் வலை விற்ற ஒரு கம்பெனி நொடிந்தது. ஆலைகளில் இயந்திரத்தில் முடி சிக்கும் ஆபத்து, உணவகங்களில் சோற்றில் முடி விழும் கேடு ஆகியவற்றை வல்லுநர்களைக் கொண்டு பேசவைத்தார்; வலை விற்றது. பன்றி இறைச்சி விற்பனையைக் கூட்ட வேண்டுமென்று இன்னொரு கம்பெனி வந்தது. காலை உணவு வயிறு நிறைய இருப்பது நல்லதா என்று ஆயிரக்கணக்கான மருத்துவர்களிடம் கடிதம் எழுதிக் கேட்டு, நல்லதே என்று வந்த பதிலை நாளிதழ்களுக்குக் கொடுத்தார். அமெரிக்கர் காலையில் முட்டையோடு பன்றி இறைச்சி உண்பதற்கு இவரும் ஒரு காரணம் என்பார்கள். சோப்புக் கம்பெனிக்காகப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோப்புக் கட்டியில் சிற்பம் செதுக்கும் போட்டி வைத்தார். குளிக்கப் பிடிக்காத பிள்ளைகளுக்கும் சோப்பு பிடித்துப்போயிற்று. 1924இல் குடியரசுத் தலைவர் கூலிட்ஜ் தேர்தலில் நின்றார். சிரிக்கத் தெரியாத உம்மணாமூஞ்சி என்று அவருக்குப் பெயர். நாடக, பாடல் கலைஞர்கள் கூட்டம் ஒன்றைக் காலைச் சிற்றுண்டிக்கு வெள்ளை மாளிகைக்கே அழைத்துப் போனார் பெர்னேஸ். மறுநாள் நாளிதழ்களில் கூலிட்ஜ் சிரிக்கப் பார்த்த செய்திதான்!

இவற்றையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே படித்தேன். 1929இல் வந்து நின்றேன்.

அந்த ஆண்டில் இரண்டு விழாக்கள். முதலாவது மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. லக்கி ஸ்டிரைக் சிகரெட் விற்ற அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனியின் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் ஹில். வீட்டுக்குள் புகைக்கத் தொடங்கியிருந்த பெண்கள் வீதியில் புகைக்கக் கூச்சப்பட்டனர். அந்தக் கூச்சம் போனால் விற்பனை பெருகும் என்று கணக்குப் போட்டு பெர்னேஸை அமர்த்தினார். பெர்னேஸ் தம் மாமாவின் வழிவந்த மனப்பகுப்பாய்வு மருத்துவர் பிரில் என்பவரிடம் போய் ஆலோசனை கேட்டார். ஆணுக்கு மட்டும் உரியதாக வைத்திருக்கும் சிகரெட், பெண்ணின் மனத்தில் விடுதலையின் அடையாளமாக ஆகியிருக்கிறது என்பது அவருக்குக் கிடைத்த விடை. அமெரிக்கப் பெண்கள் நாடு முழுதும் வாக்குரிமை பெற்று அப்போது 9 ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன.

ஈஸ்டர் ஞாயிறன்று நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் புத்தாடை உடுத்தியோர் தேவாலயம் விட்டு உலா வருவது வழக்கம். அந்தக் கூட்டத்தில் சில இளம்பெண்கள் சிகரெட் பற்றவைத்துக்கொண்டு நடந்தால்? திட்டம் எழுதப்பட்டது. எந்தப் பெண்கள், எந்தத் தேவாலயத்திலிருந்து, எத்தனை மணிக்கு, எவர் எவருக்குத் தீ கொடுப்பது என்று எல்லாம் அதில் இருந்தன. வருகிற பெண்கள் பார்க்க இலட்சணமாக இருக்க வேண்டும், ஆனால் விளம்பர அழகிகள் போலத் தோன்றிவிடக் கூடாது. பத்திரிகைப் புகைப்படக்காரர் தவறவிட்டாலும் படம் கிடைக்க வேண்டுமென்று தனியாக ஒரு புகைப்படக்காரர். அழைப்புத் தந்திகள் பெர்னேஸின் செயலாளரான பெர்த்தா ஹன்ட் என்ற பெண்ணின் பெயரில் போயின. பெண்ணுரிமைக்காக அழைக்கும் சக பெண்ணாகவே அவர் காட்சியளித்தார். சிகரெட்டுகளுக்குச் சுதந்திரத் தீப்பந்தங்கள் என்று பெயர் வைத்தார்கள். மறுநாள் நாடெங்கும் நாளிதழ்களில் செய்தி. இதன் பின்னால் ஒரு சிகரெட் கம்பெனியின் பணம் இருக்கிறது என்று ஒரு வாசகருக்கும் தெரியாது.

ஒரு விழாவை நடத்தியவள் என்ற முறையில் அந்தத் திட்டத்தை நான் வியந்தேன். எண்ணெய் மறக்காத திட்டம் அது. ஒரு பெண் என்ற முறையில் எனக்கு அழுகையும் கோபமும் வந்தன. எத்தனை பெண்கள் சிறை புகுந்து, பட்டினி கிடந்து வாங்கிய சொல் அது, சுதந்திரம் என்பது! அதை ஒரு பெட்டிக்குள் 20 சிகரெட்டுகளாக அடுக்கி விற்றுவிட்டார்களே. இந்த ஒரு நாளால்தான் அமெரிக்கப் பெண்கள் புகைக்கத் தொடங்கினர் என்று எழுதுவோர் உண்டு. அது மிகை. பெண்கள் புகைப்பது அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே கூடி வந்தது. தம் வெற்றிகளைப் பெரிதாக்கிச் சொல்வதில் பெர்னேஸ் கெட்டிக்காரர். இக்கதைகள் பலவற்றுக்கும் முதல் சாட்சி அவரே என்பதையும் நாம் மறக்கலாகாது.

இரண்டாம் விழா அதே ஆண்டு அக்டோபர் 21. எடிசன் மின்விளக்கைக் கண்டு 50 ஆண்டுகள் நிறைந்ததைக் கொண்டாடும் பொன்விழா. மின்சாதனக் கம்பெனியான ஜெனரல் எலக்ட்ரிக்கின் பொருட்டு பெர்னேஸ் இதில் உழைத்தார். மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்ன் நகரில், எடிசனின் பழைய ஆய்வுக்கூடத்தை ஹென்றி போர்டு அப்படியே மீண்டும் கட்டியெழுப்பியிருந்தார். குடியரசுத் தலைவர் ஹூவர் வந்தார். மேரி கியூரி அம்மையார் வந்தார். விமானம் கண்ட ஆர்வில் ரைட் வந்தார். பெர்லினிலிருந்து ஐன்ஸ்டைன் வானொலியில் பேசினார். அரசு அஞ்சல் தலை வெளியிட்டது. 82 வயது எடிசன் தம் முதல் விளக்கை மறுபடி ஏற்றிக் காட்ட, வானொலி அதை வீடுதோறும் கொண்டு சேர்த்தது. நேயர்கள் தம் வீட்டு விளக்குகளை அணைத்து வைத்திருந்து, அவர் ஏற்றிய அந்த நொடியில் தாங்களும் ஏற்றினர். கம்பெனியின் பெயரைக் கூவாமலேயே நாடு முழுதும் மின்விளக்கைக் கும்பிட வைத்த விழா. முக்கியஸ்தர்களின் புகைப்படங்களில் பெர்னேஸ் அடிக்கடி தலையை நீட்டியதைக் கண்டு ஹென்றி போர்டு எரிச்சலடைந்து, வேலிக்கு வெளியே தூக்கிப் போடுவேன் என்று மிரட்டினாராம். எட்டு நாள் கழித்து நியூயார்க் பங்குச் சந்தை நிலைகுலைந்து பெரும் பஞ்சக் காலம் பிறந்தது வேறு கதை.

1934இல் மறுபடி சிகரெட். லக்கி ஸ்டிரைக் பெட்டி அப்போது பச்சை நிறம். தம் உடைக்குப் பொருந்தாத நிறம் என்று பெண்கள் தயங்கினர். பெட்டியின் நிறத்தை மாற்ற ஹில் ஒப்பவில்லை. பெட்டி மாறாவிட்டால் உலகத்தை மாற்றுவோம் என்று பெர்னேஸ் இறங்கினார். வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில் மருத்துவமனைக்கு நிதி திரட்டும் பச்சை நடன விழா ஒன்று நடந்தது. சீமாட்டிகள் அனைவரும் பச்சை உடையில் வந்தனர். துணிக்கடைகளில் பச்சை, அறைகலன்களில் பச்சை. தருமத்துக்கு ஆடியவர்களுக்குத் தாம் சிகரெட் பெட்டிக்காக ஆடினோம் என்பது தெரியாது.

இதே ஆண்டுகளில் அவர் வீட்டுக்குள் நடந்ததைப் பாருங்கள். டோரிஸ் புகைப்பவர். மனைவி புகைப்பதை பெர்னேஸ் வெறுத்தார். வீட்டில் ஒளித்து வைத்த சிகரெட்டுகளைத் தேடி எடுத்து, ஒடித்து, கழிப்பறையில் போடச் சொல்லித் தம் பெண் குழந்தைகளைப் பழக்கியிருந்தார். ஊராரின் மனைவிமாருக்குத் தீப்பந்தம். தம் மனைவிக்குக் கழிப்பறை! இதைப் படித்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

1933இல் ஜெர்மனிக்குப் போய் வந்த ஓர் அமெரிக்கப் பத்திரிகையாளர் அவருக்கு ஒரு செய்தி கொண்டுவந்தார். இட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸ், யூதர்களுக்கு எதிரான பிரசாரத்துக்கு பெர்னேஸின் முதல் நூலைப் பயன்படுத்துகிறார் என்பதே அது. எழுதியவர் யூதர். தம் உழவுக் கருவியைத் தம் இனத்தவர் மேல் ஓட்டினார்கள் என்பதை அவரே 1965இல் வந்த தன்வரலாற்றில் ஒப்புக்கொண்டு, அதிர்ந்துபோனதாக எழுதினார்.

அதிர்ந்தார், ஆனால் நிற்கவில்லை. 1940களில் யுனைடெட் புரூட் என்ற வாழைப்பழக் கம்பெனி அவரை அமர்த்தியது. குவாத்தமாலா நாட்டில் ஏராளமான நிலம் அந்தக் கம்பெனியின் கையில் இருந்தது. தேர்தலில் வென்று 1951இல் பதவியேற்ற அர்பென்ஸ், தரிசாகக் கிடந்த நிலங்களை எடுத்து நிலமற்ற உழவர்களுக்குக் கொடுக்கும் சட்டத்தை 1952இல் கொண்டுவந்தார். அந்நாடு கம்யூனிஸ்டுகளின் பிடியில் போய்விட்டது என்ற எண்ணத்தை அமெரிக்கப் பத்திரிகைகளில் விதைப்பதில் பெர்னேஸ் ஈடுபட்டார். பத்திரிகையாளர்களைக் கம்பெனிச் செலவில் அங்கே அழைத்துச் சென்று, காட்ட வேண்டியதைக் காட்டினார். 1954 ஜூனில் அமெரிக்க உளவு நிறுவனத்தின் ஏற்பாட்டில் அர்பென்ஸ் ஆட்சி கவிழ்ந்தது. பின்னர் 1960 முதல் 1996 வரை அந்நாட்டில் நடந்த உள்நாட்டுப் போரில் ஏறத்தாழ 2 இலட்சம் பேர் மாண்டனர் அல்லது காணாமற்போயினர். அத்தனைக்கும் ஒருவரைக் காரணமாக்குவது நியாயமன்று. ஆயினும் முதல் விதைகளில் அவர் கை இருந்தது. வேளாண்மை படித்தவர் அல்லவா?

1964இல் புகைபிடித்தலின் தீமைகளைப் பற்றி அமெரிக்க அரசின் தலைமை மருத்துவரின் அறிக்கை வந்தது. அதன்பின் பெர்னேஸ் புகைக்கு எதிரான இயக்கத்துக்குத் தம் வித்தைகளைத் தந்தார். இந்தத் தொழிலைச் செய்ய மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பதுபோல் அரசு உரிமம் வேண்டும், இல்லையேல் எவரும் தம்மை மக்கள் தொடர்பாளர் என்று சொல்லிக்கொண்டு ஏமாற்றுவர் என்று முதுமையில் ஓயாமல் வாதிட்டார். அது நிறைவேறவில்லை. டோரிஸ் 1980இல் மறைந்தார். 20ஆம் நூற்றாண்டின் முக்கியமான அமெரிக்கர் நூற்றுவருள் ஒருவராக லைஃப் இதழ் 1990இல் அவரைக் குறித்தது. 1995 மார்ச் 9இல், 103ஆம் வயதில், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் காலமானார். அவர் சேர்த்து வைத்த கடிதங்களும் குறிப்புகளும் பெட்டி பெட்டியாக அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் போயின. ஈஸ்டர் ஞாயிறு ஏற்பாடுகளை உலகம் விவரமாக அறிந்தது அந்தத் தாள்களிலிருந்துதான். தம் கையாலேயே எல்லாவற்றையும் எழுதிவைத்துவிட்டுப் போனவரை என்னவென்று சொல்வது!

இப்போது அந்த இன்னொரு காரணத்திற்கு வருகிறேன். புகையிலை எங்கள் பாடத்தில் சொலனேசி குடும்பம். கத்தரிக்கும் தக்காளிக்கும் உறவு. பீடி இலை எபினேசி குடும்பத்து மரத்தினுடையது. வடக்கே மத்தியப் பிரதேசம், ஒடிசா காடுகளிலிருந்து மூட்டையாக வருகிறது. இரண்டும் சந்திக்கும் இடம் என் அம்மாவின் சுளகு. அம்மா சுற்றிய பீடிதான் என் புத்தகம், என் பேருந்துக் கட்டணம், நான் உடுத்தியிருக்கும் துணி. பீடியால் நெஞ்சு கெட்டு இருமி இருமிப் போன என் தாத்தாவும் அதே வீட்டில்தான் இருந்தார்.

ஒரு நாள் மாலை இந்தக் கதை முழுவதையும் அம்மாவிடம் சொன்னேன். இலையை நனைத்து வெட்டிக்கொண்டே கேட்டாள். ஈஸ்டர் ஊர்வலம் வந்தபோது கத்தரிக்கோலை நிறுத்தினாள். அந்தப் பிள்ளைகளுக்கு உள்ளது தெரியாதா என்று கேட்டாள். கம்பெனியின் பணம் என்று வெளியே எவருக்கும் சொல்லவில்லை என்றேன். பிறகு, அந்தப் படிப்பை எங்கே சொல்லித் தருகிறார்கள், எவ்வளவு ஆகும் என்று விசாரித்தாள். மாமாவிடம் தான் பேசிக்கொள்வதாகவும் சொன்னாள். எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, தலை நிமிராமலேயே இன்னொன்று கேட்டாள். நாளை நீ அந்த வேலைக்குப் போனபின் ஒரு பீடிக் கம்பெனிக்காரன் விழா எடுத்துத் தரச்சொல்லி வந்தால் போவாயா?

போகமாட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. சுளகைப் பார்த்தேன், சொல்லவில்லை. அன்றைய ஆயிரத்துக்கு இன்னும் இருநூறு பாக்கி இருந்தது. காலையில் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து, அவள் சுற்றிப் போட்ட பீடிகளின் தலையை ஒவ்வொன்றாக மடக்கத் தொடங்கினேன்.